மார்க்டவுன் கோப்புகளிலிருந்து ஒரு தமிழ் இணையதளம்: பாண்டோக்கும் மேக்கும் போதும்

முப்பது நாற்பது கட்டுரைகளை இணையத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒன்றிரண்டு புதிதாகச் சேரும், பழையவற்றில் எப்போதாவது எழுத்துப்பிழை திருத்த வேண்டியிருக்கும். இவ்வளவுக்கு டேட்டாபேஸும் வேண்டாம், வேர்ட்பிரஸும் வேண்டாம். கட்டுரைகளை வெறும் உரைக் கோப்புகளாக எழுதி, ஒரே கட்டளையில் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, அவற்றை அப்படியே சர்வரில் வைத்துவிடலாம். ஆயத்தமாக இருக்கும் கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே சர்வரின் வேலை. இடையில் உங்கள் நிரல் எதுவும் ஓடாததால், புதுப்பிக்க மறந்த பிளகின் வழியாக யாரும் தளத்துக்குள் நுழைய வழியில்லை. கருத்துப்பெட்டி, உறுப்பினர் நுழைவு, பணம் வாங்குவது எல்லாம் வேண்டுமென்றால் இந்த முறை பொருந்தாது.

மார்க்டவுன், வெறும் உரையிலேயே சில குறிகளால் தலைப்பு, அழுத்தம், இணைப்பு காட்டும் முறை. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டது. அதை எச்டிஎம்எல் ஆக்கும் கருவிகள் பல உண்டு: ஜெக்கில், ஹ்யூகோ, லெவன்ட்டி. இந்தக் கட்டுரை பாண்டோக்கை எடுத்துக்கொள்கிறது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஜான் மக்ஃபார்லேன் 2006இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. தீம், பதிப்புக்குப் பதிப்பு மாறும் அமைப்புக் கோப்பு என்று எதுவும் கற்க வேண்டியதில்லை. ஒரு கோப்பு உள்ளே போகும், ஒரு கோப்பு வெளியே வரும். அதே கட்டுரையை நாளைக்கு இபப் புத்தகமாகவோ வேர்ட் கோப்பாகவோ மாற்றவும் அதே கருவி உதவும். முக்கியமாக, ஒரு கருவிக்கு மட்டும் புரிகிற குறியீடுகளை உரைக்குள் அள்ளித் தெளிக்கத் தேவையில்லை. கருவிகள் பத்தாண்டில் மாறிவிடும், கட்டுரை இருக்கும். இந்த வழிகாட்டியில் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அதை மனதில் வைத்தே. எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று பார்த்து அதற்கு மட்டும் பாண்டோக்கை ஓட்டுவது மேக் என்ற இன்னொரு கருவி (ஆப்பிளின் மேக் கணினி அல்ல).

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தை மட்டும் தனியாகச் சொல்கிறோம்.

தேவையானவை

உபுண்டு, டெபியனில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பாண்டோக் மேக்". ஆப்பிளின் மேக் கணினியில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி இருந்தால் "ப்ரூ இன்ஸ்டால் பாண்டோக்". விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) நிறுவி அதற்குள் உபுண்டு கட்டளையையே பயன்படுத்துவது நல்லது. இங்கே வரும் மேக்ஃபைல் அப்படியே வேலை செய்யும். நிறுவியதும் "பாண்டோக் --வெர்ஷன்" என்று கேட்டுப் பாருங்கள். 2க்குக் குறைவான பதிப்பு என்றால் பட்டியல்களின் உள்தள்ளல் விதி வேறாக இருக்கும், புதியதை நிறுவிவிடுங்கள்.

எழுத விஎஸ் கோட், நோட்பேட்++, கேட் போன்ற உரைத்தொகுப்பி ஏதாவது ஒன்று. வேர்டில் எழுதி ஒட்டாதீர்கள். மூன்று ஹைஃபன்களை நீண்ட கோடாக மாற்றிவிடும் அதன் தானியங்கித் திருத்தம், பக்கத்தின் தலைப்பகுதியையே கெடுத்துவிடும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடும் இயல்பாக அப்படித்தான் சேமிக்கிறது.

பழைய கட்டுரைகள் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கும் கோப்பைக் கொடுத்தால், பாண்டோக்கின் பழைய பதிப்புகள் பிழை சொல்லி நின்றுவிடும்; புதியவை இது யூடிஎஃப்-8 அல்ல என்று எச்சரித்துவிட்டுக் குப்பையான பக்கத்தைத் தரும். பாமினி எழுத்துருவில் தட்டியது இன்னும் ஏமாற்றும். கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகள் என்பதால் பிழைச்செய்தி எதுவும் வராது, பக்கமும் உருவாகும். ஆனால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கும். எழுத்துருவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மாற்றியதும் ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் எழுத்துகள் ஆங்காங்கே மிஞ்சியிருக்கும்.

கோப்புறையும் பெயர்களும்

தளத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் "கன்டென்ட்" என்ற கோப்புறையில் எம்டி நீட்சியுள்ள உங்கள் மார்க்டவுன் கோப்புகள். "ஸ்டாடிக்" கோப்புறையில் படங்கள், நடைத்தாள் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்.சிஎஸ்எஸ்) போன்று மாறாமல் அப்படியே போகவேண்டியவை. "டாக்ஸ்" கோப்புறை மேக் உருவாக்குவது, அதற்குள் நீங்கள் கையால் எதையும் எழுதக் கூடாது. வெளியே மூன்று கோப்புகள்: பக்க வார்ப்புருவான பேஜ்.எச்டிஎம்எல், உள் இணைப்புகளை மாற்றும் லுவா மொழி நிரலான லிங்க்ஸ்.லுவா, மேக்குக்கான கட்டளைகள் உள்ள மேக்ஃபைல். மேக்ஃபைலின் முதல் எழுத்து மட்டும் பெரியது.

கட்டுரைகளின் கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், ஹைஃபன் மூன்றில் மட்டும் அமையுங்கள். தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். தொழில்நுட்பம் அதைத் தடுக்கவும் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியாக நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்து நீளச் சரமாகி, பாதியில் மடங்கி, இணைப்பு உடைந்துபோகும். இரண்டாவது காரணம் இன்னும் நுணுக்கமானது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கோ இவை வேறு வேறு பெயர்கள், ஒன்றுக்குக் கொடுத்த இணைப்பு மற்றதைத் திறக்காது. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி வேறு, தமிழ்ப் பெயர்களை இயல்பில் \340\256 என்று எண்மக் குறிகளாகக் காட்டி, எந்தக் கோப்பு மாறியது என்றே தெரியாமல் செய்துவிடும்.

சிறிய எழுத்து என்று வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. விண்டோஸும் மேக்ஓஎஸும் இயல்பு அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. சர்வரில் ஓடும் லினக்ஸ் பார்க்கும். உங்கள் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் தெரியவில்லை என்றால், முதலில் கோப்பு நீட்சியைப் பாருங்கள். கேமரா பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று வைத்திருக்கும், நீங்கள் சிறிய எழுத்தில் குறித்திருப்பீர்கள்.

ஒரு கட்டுரை எப்படி இருக்க வேண்டும்

கோப்பின் முதல் வரி மூன்று ஹைஃபன். அடுத்து தலைப்பும் தேதியும். பிறகு மீண்டும் மூன்று ஹைஃபன்.

---
டைட்டில்: "கிணறு: தோண்டும் முன் பார்க்க வேண்டியவை"
டேட்: "2024-06-12"
---

இந்தப் பகுதி யாமல் என்ற வடிவில் இருக்கிறது. யாமலுக்கு முக்காற்புள்ளியும் அடுத்து வரும் இடைவெளியும் சேர்ந்தால் சிறப்புப் பொருள். தமிழ்த் தலைப்புகளில் முக்காற்புள்ளி அடிக்கடி வரும். மேலே உள்ள தலைப்பை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் பாண்டோக் பிழை சொல்லி நிற்கும். எனவே தலைப்பை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிடுங்கள். இந்தப் பகுதியில் டாப் விசையாலும் உள்தள்ளக் கூடாது. டைட்டில் வரியே இல்லையென்றால் கோப்பின் பெயரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டும். உலாவியின் தாவலில் கட்டுரைப் பெயருக்குப் பதில் கோப்புப் பெயர் தெரிந்தால் காரணம் இதுதான்.

மார்க்டவுனின் பொது விதிகள் எல்லா இடத்திலும் கிடைக்கும்: # உட்தலைப்பு, * அழுத்தம், [ ]( ) இணைப்பு. தமிழில் எழுதும்போது வழுக்கும் இடங்களைத்தான் எங்கும் சொல்வதில்லை.

பத்தியின் முதல் வரியை டாப் விசையால் உள்ளே தள்ளும் பழக்கம் அச்சுக்கு எழுதியவர்களிடம் உண்டு. நான்கு இடைவெளியோ ஒரு டாப்போ இருந்தால் மார்க்டவுன் அதை நிரல் துண்டு என்று எடுத்துக்கொண்டு, தட்டச்சு எழுத்தாகக் காட்டும். பத்தி பிரிக்க ஒரு வெற்று வரி விட்டால் போதும். உள்தள்ளல் வேண்டுமானால் நடைத்தாள் பார்த்துக்கொள்ளும்.

ஆண்டோடு தொடங்கும் பத்தி இன்னொரு பொறி. பத்தியின் தொடக்கத்தில் "1967." என்று எழுதி ஓர் இடைவெளி விட்டால் அது பட்டியலின் 1967ஆவது உருப்படி ஆகிவிடும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இடுங்கள்: 1967\. என்று. "1967ஆம் ஆண்டில்" என்று தொடங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

பட்டியலுக்கு முன் வெற்று வரி வேண்டும். பத்தியின் கடைசி வரிக்கு அடுத்த வரியிலேயே ஹைஃபன் போட்டுத் தொடங்கினால், ஹ்யூகோ அதைப் பட்டியலாகக் காட்டும், பாண்டோக் பத்தியோடு சேர்த்து ஒட்டிவிடும். உட்தலைப்புக்கும் அப்படியே: முன்னால் வெற்று வரி, # குறிக்குப் பின் ஓர் இடைவெளி. இந்த இரண்டு பழக்கமும் இருந்தால் எந்தக் கருவியும் உங்கள் கோப்பை ஒரே மாதிரி படிக்கும்.

உருபு ஒட்டும் மொழி என்பதால் தமிழில் அழுத்தக் குறி சொல்லின் நடுவில் முடிய வேண்டிவரும். *கிணறு*கள் என்று உடுக்குறியால் எழுதினால் சரியாக வரும். அதையே _கிணறு_கள் என்று அடிக்கோட்டால் எழுதினால் வராது. சொல்லுக்கு நடுவில் வரும் அடிக்கோட்டை பாண்டோக் சாதாரண எழுத்தாகவே பார்க்கும். ஆகவே அடிக்கோட்டை மறந்துவிட்டு உடுக்குறியை மட்டும் பயன்படுத்துங்கள். மேற்கோளும் அழுத்தமும் உருபும் ஒன்றாக வரும் *"கிணறு"*களை போன்ற இடம் இன்னும் சிக்கல். பாண்டோக்கின் மார்க்டவுன் இதை ஏற்கும். ஹ்யூகோவும் கிட்ஹப்பும் பின்பற்றும் காமன்மார்க் விதிப்படி, மூடும் உடுக்குறிக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அது மூடும் குறியே அல்ல, உடுக்குறிகள் அப்படியே பக்கத்தில் தெரியும். மேற்கோளை வெளியேயும் அழுத்தத்தை உள்ளேயும் வைத்து "*கிணறு*"களை என்று எழுதினால் எங்கும் பிழைக்காது.

ஒற்றை மேற்கோளிலும் உருபு தொல்லை தரும். பாண்டோக் நேர்மேற்கோளை வளைமேற்கோளாகத் தானே மாற்றும். மூடும் குறியை ஒட்டி உடனே எழுத்து வந்தால் அதை ஆங்கிலத்தின் உடைமைக் குறி என்று எண்ணிவிடும். அப்போது சொல்லின் இரு பக்கமும் மூடும் மேற்கோளே நிற்கும். ‘ ’ என்ற வளைமேற்கோளை நீங்களே தட்டிவிடுவது நல்ல தீர்வு.

செய்யுள் வரிகள் அடுத்தடுத்து எழுதினால் ஒரே வரியாக ஓடிவிடும். வரி முடிவில் ஒரு பின்சாய்கோடு இட்டால் அடுத்த அடி கீழே இறங்கும். வரிக்கடைசியில் இரண்டு இடைவெளி விடும் வழியும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிகளைப் பல தொகுப்பிகள் சேமிக்கும்போது துடைத்துவிடும்.

அடிக்குறிப்புக்கு உரையில் [^1], கோப்பின் கீழே வெற்று வரிக்குப் பின் [^1]: என்று தொடங்கி விளக்கம். பக்கத்தில் [^1] என்று அப்படியே தெரிந்தால் கீழே விளக்கம் விடுபட்டிருக்கிறது அல்லது எண் பொருந்தவில்லை.

படம் தனிப் பத்தியாக நின்றால், சதுர அடைப்புக்குள் எழுதிய மாற்றுரையை பாண்டோக் படவிளக்கமாகக் கீழே அச்சிடும். பெரும்பாலும் அதுவே வேண்டும். வேண்டாத இடத்தில் படத்தின் வரிக்கடைசியில் ஒரு பின்சாய்கோடு இடுங்கள். கைபேசிப் படங்களை அப்படியே போடாதீர்கள். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஒரு படம் 200 கேபிக்குள் இருக்கும்படி சேமியுங்கள்.

வார்ப்புரு

பாண்டோக்கிடம் இயல்பாகவே ஒரு வார்ப்புரு இருக்கிறது. ஆனால் அது நீளமானது, தேவையற்ற நடைவிதிகளும் உண்டு. கீழே உள்ளது போதும்.

<!டாக்டைப் எச்டிஎம்எல்>
<எச்டிஎம்எல் லாங்="டிஏ">
<ஹெட்>
<மெட்டா சார்செட்="யூடிஎஃப்-8">
<மெட்டா நேம்="வியூபோர்ட்" கன்டென்ட்="வித்=டிவைஸ்-வித்">
<டைட்டில்>$பேஜ்டைட்டில்$</டைட்டில்>
<லிங்க் ரெல்="ஸ்டைல்ஷீட்" எச்ரெஃப்="ஸ்டைல்.சிஎஸ்எஸ்">
</ஹெட்>
<பாடி>
<எச்1>$டைட்டில்$</எச்1>
$இஃப்(டேட்)$<பி>$டேட்$</பி>$எண்டிஃப்$
$பாடி$
</பாடி>
</எச்டிஎம்எல்>

முதல் வரிக்கு அடுத்துள்ள மொழிக்குறி டி, ஏ என்ற இரண்டு எழுத்து. திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்வது இதைப் பார்த்துத்தான். பார்வையற்ற வாசகருக்காக இதை ஒருபோதும் விடாதீர்கள். சார்செட் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும், எனவே ஹெட்டின் முதல் வரியே அதுதான். அது இல்லாமல், சர்வரும் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால், தலைக்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் ® குறியும் மாறிமாறி வரும் குப்பையாகத் தமிழ் தெரியலாம். வியூபோர்ட் வரி இல்லையென்றால் கைபேசி, பக்கத்தை 980 பிக்சல் அகலத் திரை என்று எண்ணி வரைந்து சுருக்கிவிடும், எழுத்து எறும்பாக இருக்கும்.

தாவலில் தெரியும் பெயருக்கு பேஜ்டைட்டில் என்ற மாறியையும், பக்கத்தில் தெரியும் தலைப்புக்கு டைட்டில் மாறியையும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். தலைப்பில் அழுத்தம் இருந்தால் இரண்டாவதில் எச்டிஎம்எல் குறிகளும் சேர்ந்து வரும், முதலாவதில் வெறும் உரைதான். வார்ப்புருவில் வேறெங்காவது டாலர் குறி தேவைப்பட்டால் $$ என்று இரட்டித்து எழுதுங்கள்.

நடைத்தாளில் தமிழுக்கென்று பார்க்க வேண்டியவை சில. வரியுயரம் 1.7 அளவில் இருக்கட்டும். மேலே ஏறும் கொக்கியும் கீழே இறங்கும் உகரச் சுழியும் ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.4இல் நெருக்கியடிக்கும். உரையின் அதிகபட்ச அகலத்தை 34 எம் என்று வையுங்கள். சிஎச் அலகு சுழியம் என்ற இலக்கத்தின் அகலத்தைக் கொண்டு அளப்பது, தமிழ் எழுத்துக்குப் பொருந்தாது. இருபுறமும் சமன்செய்ய வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, கைபேசியில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். அதே காரணத்தால் ஓவர்ஃப்ளோ-ராப் என்ற பண்பை பிரேக்-வேர்ட் என்று வைத்தால் நீண்ட சொல் திரையைத் தாண்டாது. எழுத்திடைவெளியைக் கூட்டாதீர்கள், கொம்பும் எழுத்தும் பிரிந்து நிற்பதுபோல் தோன்றும். தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து வடிவம் பெரும்பாலும் கிடையாது. உலாவி நேரெழுத்தையே பிடித்துச் சாய்க்கும், படிக்க நன்றாக இராது. அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தையே அமைத்துவிடுங்கள்.

எழுத்துருவுக்குப் பெயர்ப்பட்டியல் போதும்: நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸுக்கு நிர்மலா யூஐ, ஆப்பிளுக்குத் தமிழ் சங்கம் எம்என், கடைசியில் சான்ஸ்-செரிஃப். பெரும்பாலான சாதனங்களில் ஏற்கெனவே ஒரு தமிழ் எழுத்துரு இருப்பதால் பதிவிறக்கச் சுமை வாசகருக்கு இல்லை. படங்களுக்கு மேக்ஸ்-வித் 100%, உயரம் ஆட்டோ.

உள் இணைப்புகளுக்கு ஒரு சிறு வடிகட்டி

ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கொடுக்கும்போது எம்டி நீட்சியோடு எழுதுங்கள். அப்போது தொகுப்பியிலும் கிட்ஹப்பிலும் அதே இணைப்பைச் சொடுக்கிப் போகலாம். பக்கமாக மாறும்போது அது எச்டிஎம்எல் ஆக வேண்டும், பாண்டோக் அதைத் தானாகச் செய்யாது. லிங்க்ஸ்.லுவா கோப்பில் நான்கு வரி போதும்.

ஃபங்ஷன் லிங்க்(ஈஎல்)
  ஈஎல்.டார்கெட் = ஈஎல்.டார்கெட்:ஜிசப்("%.எம்டி$", ".எச்டிஎம்எல்")
  ரிட்டர்ன் ஈஎல்
எண்ட்

லிங்க் என்பதன் முதல் எழுத்து பெரியது. சிறியதாக எழுதினால் பிழை எதுவும் வராது, வடிகட்டி சும்மா இருந்துவிடும். புள்ளிக்கு முன் உள்ள % குறியும் அவசியம். அது இல்லையென்றால் லுவா அந்தப் புள்ளியை "எந்த எழுத்தானாலும்" என்று எடுத்துக்கொள்ளும்.

மேக்ஃபைல்

எஸ்ஆர்சி := $(வைல்ட்கார்ட் கன்டென்ட்/*.எம்டி)
அவுட் := $(பேட்சப்ஸ்ட் கன்டென்ட்/%.எம்டி,டாக்ஸ்/%.எச்டிஎம்எல்,$(எஸ்ஆர்சி))

.ஃபோனி: ஆல் க்ளீன்

ஆல்: $(அவுட்)
	சிபி -ஆர் ஸ்டாடிக்/. டாக்ஸ்/

டாக்ஸ்/%.எச்டிஎம்எல்: கன்டென்ட்/%.எம்டி பேஜ்.எச்டிஎம்எல் லிங்க்ஸ்.லுவா
	எம்கேடிர் -பி டாக்ஸ்
	பாண்டோக் --டெம்ப்ளேட்=பேஜ்.எச்டிஎம்எல் --லுவா-ஃபில்டர்=லிங்க்ஸ்.லுவா $< -ஓ $@

க்ளீன்:
	ஆர்எம் -ஆர்எஃப் டாக்ஸ்

ஃபோனி என்பது முழுவதும் பெரிய எழுத்தில். உள்ளே தள்ளிய ஒவ்வொரு கட்டளை வரியும் டாப் விசையால்தான் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி விட்டாலும் ஏற்காது, பிரிப்பான் இல்லை என்று வரி எண்ணோடு புகார் சொல்லும். தொகுப்பி டாப்பை இடைவெளிகளாக மாற்றும் அமைப்பு இருந்தால் இந்தக் கோப்புக்கு மட்டும் அணையுங்கள். 

$< என்பது சார்புகளில் முதலாவதாக நிற்கும் கோப்பு, $@ என்பது உருவாக வேண்டிய கோப்பு. ஆகவே எம்டி கோப்புதான் முதலில் வர வேண்டும். வார்ப்புருவையும் வடிகட்டியையும் சார்புகளாகச் சேர்த்திருப்பதில்தான் மேக்கின் பயன் இருக்கிறது. ஒரு கட்டுரையைத் திருத்தினால் அந்தப் பக்கம் மட்டும் மீண்டும் உருவாகும். வார்ப்புருவைத் தொட்டால் எல்லாப் பக்கமும் உருவாகும். அவற்றைச் சேர்க்காமல் விட்டால், வார்ப்புருவில் செய்த மாற்றம் சில பக்கங்களில் வந்து சில பக்கங்களில் வராமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும்.

வெளியீட்டுக்கு -ஓ கொடியைத்தான் பயன்படுத்த வேண்டும். விண்டோஸின் பவர்ஷெல் 5.1இல் > குறியால் கோப்புக்குத் திருப்பினால் அது யூடிஎஃப்-16 ஆகிவிடும். ஸ்டாடிக் என்பதற்குப் பின் சாய்கோடும் புள்ளியும் இருப்பதும் வேண்டுமென்றேதான்: உடுக்குறி போட்டால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் நகலாகாது. அப்படி ஒரு மறைகோப்பு கீழே நமக்குத் தேவைப்படும்.

டெர்மினலில் "மேக்" என்று தட்டினால் தளம் தயார். ஒரு எச்சரிக்கை: கன்டென்டிலிருந்து ஒரு கட்டுரையை நீக்கினால் டாக்ஸில் உள்ள அதன் பக்கம் நீங்காது. வாசகர்கள் பழைய முகவரியில் அதைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். எதையாவது நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ "மேக் க்ளீன்", பிறகு "மேக்".

முகப்புப் பக்கமான இண்டெக்ஸ்.எம்டியில் கட்டுரைப் பட்டியலைக் கையால் எழுதுங்கள். ஐம்பது கட்டுரை வரை இதுவே மேல். தேதி வரிசைப் பட்டியலைக் கருவி தரும், எதை முதலில் படிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல முடியும். குறிச்சொல், மாதவாரித் தொகுப்பு, செய்தியோடை எல்லாம் தேவைப்படும் நாளில் ஹ்யூகோவுக்கு மாறிக்கொள்ளலாம். கன்டென்ட் கோப்புறையின் உரை ஏறக்குறைய அப்படியே போகும்.

பார்த்துவிட்டு ஏற்றுங்கள்

டாக்ஸ் கோப்புறைக்குள் போய் "பைத்தான்3 -எம் எச்டிடிபி.சர்வர் 8000" என்று ஓடவிட்டு, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8000 திறந்து பாருங்கள். கைபேசியும் அதே வைஃபையில் இருந்தால், கணினியின் உள்முகவரியோடு :8000 சேர்த்து அதிலும் பார்க்கலாம். கணினியின் ஃபயர்வால் தடுத்தால் அனுமதி கொடுக்க வேண்டும். கைபேசியில் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

இலவசமாக வைக்க கிட்ஹப் பேஜஸ் வசதியானது. முழுக் கோப்புறையையும் பொதுக் களஞ்சியமாக ஏற்றி, செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியில் மெயின் கிளையையும் டாக்ஸ் கோப்புறையையும் தேர்ந்தெடுங்கள். வெளியீட்டுக் கோப்புறைக்கு டாக்ஸ் என்று பெயர் வைத்தது இதற்காகத்தான், கிளையின் வேர் அல்லது டாக்ஸ் தவிர வேறு பெயரை அந்தத் தேர்வு ஏற்காது. ஸ்டாடிக்கில் ".நோஜெக்கில்" என்ற வெற்றுக் கோப்பை வையுங்கள். அது இல்லாவிட்டால் கிட்ஹப் உங்கள் பக்கங்களை ஜெக்கில் வழியாக ஓட்டும், அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புகளை விட்டுவிடும். தளத்தின் மொத்த அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். உரைத் தளம் அதை நெருங்கவே நெருங்காது.

ஏற்றியதும் பக்கம் வெறும் கறுப்பு எழுத்தாக, நடைத்தாள் இல்லாமல் தெரிந்தால் பாதையைப் பாருங்கள். களஞ்சியத் தளத்தின் முகவரியில் களஞ்சியத்தின் பெயரும் ஒரு பகுதி. நடைத்தாள் பாதையைச் சாய்கோட்டில் தொடங்கினால் உலாவி அந்தப் பெயரைத் தாண்டி வேரில் போய்த் தேடும். மேலே உள்ள வார்ப்புருவில் சாய்கோடு இல்லாமல் எழுதியிருப்பது அதனால்தான். எல்லாப் பக்கமும் ஒரே கோப்புறையில் இருக்கும்வரை இது சரியாக இருக்கும். ஒரே விலக்கு 404 பக்கம். அது எந்த ஆழத்து முகவரியிலும் தோன்றும் என்பதால், அதற்கு மட்டும் நடைவிதிகளைப் பக்கத்துக்குள்ளேயே எழுதி ஸ்டாடிக்கில் வைத்துவிடுங்கள்.

சொந்த டொமைன் இருந்தால், அதன் பெயர்ப்பதிவு (டிஎன்எஸ்) அமைப்பில் துணைப்பெயருக்கு உங்கள் கிட்ஹப் பயனர் முகவரியைச் சுட்டும் சிநேம் பதிவு சேர்க்க வேண்டும். டொமைனின் தலைப்பெயருக்கே வேண்டுமென்றால் 185.199.108.153 தொடங்கி 185.199.111.153 வரை மூன்றாவது எண் மட்டும் மாறும் நான்கு ஏ பதிவுகள். கிட்ஹப் அப்போது டாக்ஸுக்குள் சிநேம் என்று பெரிய எழுத்தில் ஒரு கோப்பை எழுதும். அதை உடனே ஸ்டாடிக்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த "மேக் க்ளீன்" அதைத் துடைத்துவிடும், டொமைன் காரணமே தெரியாமல் அறுந்துபோகும். பெயர்ப்பதிவு பரவ ஒரு நாள்வரை ஆகலாம், அதுவரை எச்டிடிபிஎஸ் பெட்டி தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கலாகவே இருக்கும்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் ஆர்சிங்க் கட்டளையால் டாக்ஸை அனுப்பலாம். டாக்ஸ்/ என்று சாய்கோட்டோடு முடித்தால் உள்ளே இருப்பவை போகும், சாய்கோடு இல்லையென்றால் கோப்புறையே போய் முகவரியில் டாக்ஸ் என்று ஒட்டிக்கொள்ளும். நீக்கிய பக்கங்கள் அங்கேயும் நீங்க --டெலீட் சேர்க்க வேண்டும். இலக்குப் பாதையில் ஒரு பிழை இருந்தால் அதே கொடி வேறு கோப்புகளையும் அழித்துவிடும். அதனால் முதலில் -என், -வி என்ற இரண்டு கொடிகளோடு ஓட்டி, எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று அது தரும் பட்டியலைப் படித்துவிட்டு, பிறகு -என் கொடியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.